முதலில் அவள் சிரிக்கட்டும்

புற்றுநோய் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மாறுவது பேச்சின் சத்தம்தான். தொலைபேசி வந்தால் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார்கள். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கிறார்கள். யாராவது தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டால், உடனே நோயாளி படுத்திருக்கும் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, செய்யக்கூடாததைச் செய்தவர்போல வாயை மூடிக்கொள்கிறார்கள். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த வாரத்தில் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கோ, தான் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்ப்பதுபோல் இருந்திருக்கிறது. "நான் இன்னும் இருக்கேன், கொஞ்சம் சத்தமாவே பேசுங்க" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கொடுத்தபோது, சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நோயையும் சிரிப்பையும் சேர்த்துப் பேச்செடுத்தாலே சிரிப்பின் மருத்துவ குணங்களைப் பட்டியலிடத் தொடங்கிவிடுகிறவர்கள் பலர். அந்தப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சிகிச்சைக் காலம் முழுவதும் உடனிருந்தவள் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது வேறு. நோயைப் பற்றிய நகைச்சுவையில் யார் முதலில் வாய் திறக்கிறார் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகிறது. நோயாளி தொடங்கினால் அறையிலுள்ள அத்தனை பேருக்கும் மூச்சு இலகுவாகிறது. நலமாக இருப்பவர் அதையே சொன்னால், அடுத்த ஒரு மாதத்துக்கு அவரை யாரும் மன்னிப்பதில்லை.

மார்பகத்தை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, வெட்டிய இடத்தில் ஊறும் நீர் உள்ளேயே தேங்கிவிடாமலிருக்கத் தோலுக்கடியிலிருந்து மெல்லிய குழாய்களை வெளியே எடுத்து, அமுக்கிவிட்டால் தானாக உறிஞ்சிக்கொள்ளும் சிறு குடுவைகளில் பொருத்தி அனுப்புகிறார்கள். டிரெயின் என்று சொல்வார்கள். அக்காவுக்கு இரண்டு இருந்தன. அவற்றைச் சட்டைக்குள் ஊக்கால் மாட்டிக்கொண்டுதான் எழ வேண்டும், நடக்க வேண்டும், படுக்க வேண்டும். காலையும் இரவும் மூடியைத் திறந்து, நீரை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நோட்டில் எழுதி, குடுவையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மறுபடி மூட வேண்டும். முதலில் இரத்தமாக வருவது போகப் போக இளஞ்சிவப்பாகி, பிறகு வெளிர் மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் ஒரு குழாயிலிருந்து வருவது 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் அதை எடுத்துவிடலாம் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

இந்த வேலை என் பொறுப்பு. முதல் நாள் குடுவையைத் தொடுவதற்கே என் கை நடுங்கியது. குழாயை இழுத்துவிடுவேனோ, தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அவள் உடம்பிலிருந்து வடிவதை அளப்பது என்னும் காரியத்தின் கொடுமை இன்னொரு பக்கம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு குடுவைகளுக்கும் அங்கேயே பெயர் வைத்தாள்: பெரியவன், சின்னவன். அன்று முதல் நோட்டில் நான் எழுதியது மதிப்பெண் பட்டியல் ஆகிவிட்டது. "சின்னவன் எவ்வளவு?" என்பாள். இருபத்தெட்டு என்றால், "பொறுப்பான பிள்ளை" என்பாள். பெரியவன் ஒருநாள் முப்பத்தைந்தில் வந்து நின்றபோது, "பாஸ் பண்ணிட்டானே பாவி! இவன் ஃபெயில் ஆனாத்தானேடி எனக்கு விடுதலை" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளப் போக, கையைத் தூக்க முடியாமல் பாதியிலேயே வலித்து நிற்க, அந்தப் பாதிக் கையைப் பார்த்து இருவரும் சிரித்து, சிரித்ததில் தையல் இழுத்து அவள் "ஐயோ, சிரிக்க வைக்காதே" என்று என்னைத் திட்டினாள். தொடங்கியவள் அவள், திட்டு எனக்கு.

அந்தக் கேலி யாருக்காக என்பதை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் வலியை அது குறைத்ததா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் என் கை நடுக்கத்தை நிறுத்தியது. இரத்தம் கலந்த நீரை அளக்க முடியாத எனக்குப் பெரியவனின் மதிப்பெண்ணை எழுத முடிந்தது. உடனிருப்பவர்தான் நோயாளியைச் சிரிக்க வைத்துத் தேற்ற வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. நான் கண்டவரையில் பெரும்பாலும் தேற்றியவர் படுக்கையில் இருந்தார்.

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டு இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தூக்குமேடைக்குத் திங்கட்கிழமை அழைத்துச் செல்லப்படும் ஒரு கைதி, "வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது" என்று சொல்வதாக ஓர் உதாரணத்தை அவர் 1905இல் தந்தார். 1927இல் நகைச்சுவையைப் பற்றித் தனியாக ஒரு சிறு கட்டுரை எழுதியபோதும் அதே கைதியிடம் திரும்பி வந்தார். பயந்த குழந்தையிடம் பெற்றவர், "இவ்வளவுதானா, இதற்கா பயந்தாய்?" என்று சொல்வதைப்போல, மனிதன் தனக்குள்ளிருக்கும் ஒரு மூத்த குரலால் தன்னையே தேற்றிக்கொள்கிறான் என்பது அவர் தந்த விளக்கம். இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே, 1923இல், அவருக்கு மேல்வாயில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. 1939இல் இறக்கும்வரை முப்பதுக்கும் மேற்பட்ட முறை அவர் வாய் கத்திக்கு ஆளானது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே திறந்துவிட்ட இடத்தை அடைக்கும் செயற்கைத் தகட்டுடன்தான் பேசவும் உண்ணவும் வேண்டியிருந்தது. 1927ஆம் ஆண்டுக் கட்டுரையில் அந்த வாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கைதி மட்டும் வருகிறான். அந்த வரிசையை அறிந்தபின் அக்கட்டுரையை என்னால் வெறும் உளவியல் கட்டுரையாக வாசிக்க முடியவில்லை.

இன்னொருவர் இவ்வளவு மறைவாக நடந்துகொள்ளவில்லை. இந்தியக் குடியுரிமை பெற்றுப் புவனேசுவரத்தில் வாழ்ந்த மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் மலக்குடல் புற்றுநோய்க்காக லண்டனில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அங்கிருந்தபோதே தன் மலக்குடலையும், அதற்குப் பதிலாக வயிற்றில் திறக்கப்பட்ட வழியையும் எதுகை மோனையோடு கிண்டல் செய்து ஒரு கவிதை எழுதி, 1964இல் ஓர் ஆங்கில வார இதழில் வெளியிட்டார். அதை வாசித்து முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்தது அதன் காரியவாதம். இரத்தக்கசிவு தென்பட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் ஓடுங்கள் என்பதுதான் அந்தக் கேலிக்குள்ளிருக்கும் செய்தி. வாயால் சொல்லக் கூசும் உறுப்பைப் பற்றிப் பொதுவெளியில் பேச அவர் கண்டுபிடித்த வழி அது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் இறந்துவிட்டார்.

ஆகவே, சிரித்தால் நோய் குணமாகுமா என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். இந்த நம்பிக்கைக்குப் பெரும்பாலானோர் ஆதாரமாகக் காட்டுவது நார்மன் கசின்ஸ் என்னும் அமெரிக்க இதழாசிரியரின் அனுபவத்தை. பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று அவர் 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவருக்கு வந்தது முதுகெலும்பையும் மூட்டுகளையும் தாக்கும் நோய், புற்றுநோயே இல்லை. வலி சிறிது குறைவது உண்மையாகவே இருக்கலாம்: கூடிச் சிரித்தவர்களால் வலியைக் கூடுதலாகத் தாங்க முடிந்தது என்று ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பாரும் குழுவினரும் 2012இல் காட்டினார்கள். ஆனால் வலியைத் தாங்குவது ஒன்று, கட்டி கரைவது வேறொன்று. தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரை ஆராய்ந்து ஜேம்ஸ் காயின் குழுவினர் 2007இல் வெளியிட்ட முடிவு, மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் அதிக காலம் வாழவில்லை என்பதே.

இந்த முடிவு ஏமாற்றமளிக்கிறது என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மகிழ்ச்சியாக இருந்தால்தான் பிழைப்பாய் என்று சொல்லப்படும் நோயாளிக்கு, அழுத ஒவ்வொரு இரவும் தன் ஆயுளைத் தானே குறைத்துக்கொண்டதாகத் தோன்றும். நோய் திரும்பினால், நான் போதுமான அளவு நம்பிக்கையோடு இருக்கவில்லையோ என்று குற்றவுணர்வும் கூடவே வந்து சேரும். புற்றுநோய் தரும் துன்பத்தோடு இதையும் சுமக்கச் சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? சிரிப்புக்கு வேலை எதுவும் கொடுக்காமல் விட்டால்தான் அது சிரிப்பாக இருக்கும்.

பார்க்க வந்தவர்களில் குறைந்தது பாதிப் பேர் "இடுக்கண் வருங்கால் நகுக" என்றார்கள். குறளில் பிழையில்லை, ஆனால் அது இடுக்கண் வந்தவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. இடுக்கண் வராதவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லும்போது அது கட்டளையாகிவிடுகிறது. இன்னும் சிலர் வேடிக்கையோடு வந்தார்கள். முடி கொட்டிய தலையைப் பார்த்து, "ஷாம்பு செலவு மிச்சம்" என்றார் ஒருவர். அக்கா அதே வேடிக்கையை அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு எங்களிடம் சொல்லியிருந்தாள், நாங்களும் சிரித்திருந்தோம். அவர் சொன்னபோது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவர் போன பிறகு, "என் வசனத்தை அவர் எப்படிப் பேசலாம்?" என்றாள். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிக் நொடாரோ 2012இல், தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான சில நாட்களிலேயே மேடையேறி, வணக்கம் சொல்கிற தொனியிலேயே, தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்தார். அரங்கில் சிலர் சிரித்தார்கள், சிலர் திகைத்தார்கள். கலங்கியவர்களை அவரே தேற்ற வேண்டியிருந்தது. அந்த மேடையில் அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

கீமோ காலத்தில் சிரிக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை என்பதை, அதன் வழியே போகாதவர்கள் நம்பமாட்டார்கள். டாக்ஸோருபிசின் என்னும் மருந்து பார்ப்பதற்கு ரோஸ் நிறச் சர்பத் போலச் சிவப்பாக இருக்கும், ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். மூக்கினுள்ளிருக்கும் முடியும் கொட்டிவிடுவதால் மூக்கு காரணமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். பாக்லிடாக்சல் என்னும் இன்னொரு கீமோ மருந்துக்கு முன் தரும் ஸ்டீராய்டு தூக்கத்தை விரட்டிவிடுவதால், நள்ளிரவில் அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவைக் கண்டு திருடன் என்று பயந்து எழுந்த அத்தான், வீட்டில் இருந்த ஒரே ஆயுதமாகக் குடையை எடுத்துக்கொண்டு வந்தார். இவற்றை அவளே வரிசையாகச் சேர்த்துவைத்து, வருகிறவர்களுக்குக் கதையாகச் சொல்வாள். சொல்லிச் சொல்லி அவற்றின் கூர்மை மழுங்கியதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

இந்தக் கதை சொல்லும் திறமைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பாக்லிடாக்சல் நரம்பு நுனிகளைப் பாதிக்கக்கூடியது. விரல்களும் பாதங்களும் மரத்துப்போகும். அக்கா அதையும் கதையாக்கிவிட்டாள். கையிலிருந்து கரண்டி விழுந்தது, சட்டைப் பொத்தானைப் போட அரை மணி நேரம் ஆனது, கடைசியில் பொத்தான்களைச் சபித்துவிட்டு நைட்டிக்கே திரும்பியது என்று மருத்துவரிடம் நடித்தே காட்டினாள். மருத்துவர் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும், தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவள் மடியில் போட்டு, "எங்கே, இந்தப் பொத்தானைப் போடுங்க பார்க்கலாம்" என்றார். அவள் விரல்கள் பொத்தானின் விளிம்பைத் தேடித் தேடி நழுவின. கண்ணால் பார்த்தால்தான் அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது. அறையில் யாரும் பேசவில்லை. அடுத்த முறையிலிருந்து மருந்தின் அளவைக் குறைத்தார்கள். அவர் சிரிக்காமலிருந்திருந்தால் அவள் புண்பட்டிருப்பாள், சிரிப்போடு விட்டிருந்தால் அவள் விரல்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்றுமுதல் வலியைப் பற்றி அவள் சொல்லும் ஒவ்வொரு வேடிக்கைக்கும் பிறகு, "சரி, பத்துக்கு எத்தனை?" என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வேறொரு வகை வேடிக்கையும் வந்தது. "நான் போயிட்டா உங்க எல்லாருக்கும் நிம்மதியா லீவு கிடைக்கும்" என்பாள். "என்னால எவ்வளவு தண்டச் செலவு பாரு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராட் மார்ட்டினும் குழுவினரும் 2003இல் நகைச்சுவையை நான்கு பாணிகளாகப் பிரித்தபோது, பிறரின் பிரியத்துக்காகத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பாணியைத் தனியே வைத்தார்கள். அக்காவின் இந்த வாக்கியங்கள் அந்த வகை என்பது என் கணிப்பு. அவற்றுக்குச் சிரித்தால், ஆமாம் என்று ஒப்புக்கொண்டதாகிறது. "சும்மா இரு, அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டினால், பேச நினைத்ததை விழுங்கிவிடுகிறாள். "பாரமா இருக்கோம்னு நினைக்கிறியா?" என்று நேராகக் கேட்டபோதுதான் பேச்சு தொடங்கியது. அந்தப் பேச்சு அன்று இரவு நெடுநேரம் நீண்டது, அதில் நகைச்சுவை எதுவும் இல்லை.

உடனிருப்பவர்களுக்கென்று ஒரு நகைச்சுவை உண்டு. அது நோயாளியினுடையதைவிடக் கறுப்பானது. வெளியே சொன்னால் நம்மைக் கல்நெஞ்சர்கள் என்பார்கள். கீமோ வார்டுக்கு வெளியே வரிசை நாற்காலிகளில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த நாங்கள் அதைத் தாராளமாகப் பரிமாறிக்கொண்டோம். தன் கணவர் நலமாக இருந்தபோது ஒரு வேலையும் செய்யாதவர், இப்போது மருத்துவரே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டதால் சான்றிதழோடு சும்மா இருக்கிறார் என்று ஓர் அம்மா சொன்னபோது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அந்த நீரில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சூசன் சில்க் என்னும் உளவியலாளர், பாரி கோல்ட்மன் என்பவரோடு சேர்ந்து 2013இல் ஒரு செய்தித்தாளில் எழுதிய யோசனை எனக்கு இங்கேதான் புரிந்தது. நடுவில் நோயாளி, அவரைச் சுற்றி நெருங்கியவர்கள், அவர்களைச் சுற்றி அடுத்தவர்கள் என்று வட்டங்களாக வரைந்துகொள்ளுங்கள். ஆறுதல் உள்நோக்கிச் செல்லட்டும், புலம்பல் வெளிநோக்கிச் செல்லட்டும் என்றார்கள். கறுப்பு நகைச்சுவையும் புலம்பலின் ஒன்றுவிட்ட தம்பிதான் என்பது என் சொந்தச் சேர்க்கை. நாற்காலி வரிசையில் சிரித்ததை நான் ஒருபோதும் வார்டுக்குள் எடுத்துச் சென்றதில்லை. அத்தானுக்கு அப்படியொரு வரிசை அமையவில்லை. அவர் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தார். அவர் சொல்ல நினைத்த கசப்பான வேடிக்கைகள் எங்கே போயின என்று நான் கேட்டதில்லை.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் இன்னும் கலகலப்பாகும் என்று எதிர்பார்த்தோம். நடந்தது நேர்மாறு. கதிர்வீச்சின் கடைசி நாள் கழிந்த சில வாரங்களிலேயே அக்காவின் கேலி வற்றிவிட்டது. காலையில் ஹார்மோன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூட்டு வலியோடு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருந்த நாட்களில்தான் அவள் முதல்முறையாக நெடுநேரம் அழுதாள். மனநல ஆலோசகர், இது பலருக்கும் நடப்பதுதான் என்றார். அடுத்தடுத்துச் செய்ய வேண்டியவை இருக்கும்வரை மனம் அவற்றையே பிடித்துக்கொண்டிருக்கும், ஓய்ந்த பிறகுதான் நடந்தது என்னவென்று திரும்பிப் பார்க்கும் என்று விளக்கினார். அந்த மாதங்களில் அவளைச் சிரிக்க வைக்க யாரும் முயலவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தொடங்க வேண்டியவள் தொடங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அவள் மறுபடி தொடங்கியது ஆண்டுப் பரிசோதனையின்போது. மிச்சமிருக்கும் பக்கத்துக்கு ஆண்டுதோறும் மாமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சீட்டைச் சரியாகப் பார்க்காத இளம் தொழில்நுட்பப் பெண், "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா மேடம்?" என்று கேட்டாள். "ஒருத்தி முன்னாடியே ரிட்டயர் ஆயிட்டாம்மா, சர்வீஸ்ல இருக்கிறவளை மட்டும் எடு" என்றாள் அக்கா. அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. சிரிக்கலாமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ரிப்போர்ட் கவரால் அக்காவைச் சுட்டிக் காட்டினேன்.